வண்டிக்கு சைடு ஸ்டெப் போடலாமா, வேண்டாமா? பணம் கொடுப்பதற்கு முன் அளந்து பாருங்கள்

வீட்டுக்குப் புதிதாக ஃபோர் வீல் டிரைவ் வண்டி வந்ததும் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. "இவ்வளவு உயரமா இருக்கே, நான் எப்படிப்பா ஏறுறது?" என்று அம்மா கேட்பார். "சைடு ஸ்டெப் போட்டா வரப்புல தட்டும்மா" என்று மகன் சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அதனால்தான் முடிவெடுப்பது கஷ்டமாக இருக்கிறது.

பலர் இதை அழகுச் சமாச்சாரமாக நினைத்து, கார் ஆக்சசரீஸ் கடையில் நிற்கும்போதே முடிவு செய்துவிடுகிறார்கள். பிறகு இரண்டில் ஒன்று நடக்கிறது. படி போட்டவர் முதல் மழையிலேயே வாய்க்கால் கரையில் அதை வளைத்துக்கொண்டு வருகிறார். படி போடாதவர் வீட்டில், வயதானவர் ஒருவர் இறங்கும்போது கால் தவறி விழுகிறார். முதலாவது பணத்தோடு போகும். இரண்டாவதில் இடுப்பு எலும்பு முறிந்தால் ஒரு மனிதரின் நடையே நின்றுபோகலாம்.

எனவே படி தேவையா என்பதை இரண்டு கேள்விகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வண்டியில் யார் ஏறுகிறார்கள்? வண்டி எங்கே போகிறது? இந்த இரண்டுக்கும் விடை உங்கள் வீட்டிலும் உங்கள் வயலிலும்தான் இருக்கிறது.

படி யாருக்காக?

வீட்டு மாடிப்படி ஒன்றின் உயரம் பொதுவாக 6 முதல் 7 அங்குலம். பெரிய ஜீப், பிக்கப் வண்டிகளின் உள்தளம் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் இருக்கும். சில வண்டிகளில் 2 அடியை நெருங்கும். அதாவது மூன்று மாடிப்படிகளை ஒரே எட்டில் ஏறச் சொல்கிறோம். 30 வயதுக்காரருக்கு இது ஒன்றுமே இல்லை. மூட்டு வலி உள்ளவருக்கு, சேலை கட்டியவருக்கு, கர்ப்பிணிக்கு, சிறு பிள்ளைக்கு இது பெரிய ஏற்றம்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. ஏறும்போது கண்ணுக்கு நேரே தளம் தெரியும், பிடிக்கக் கைப்பிடி இருக்கும். இறங்கும்போது தரை எவ்வளவு கீழே என்பது தெரியாது. உடம்பின் எடை முழுவதும் மடங்கிய ஒற்றை முழங்காலில் இறங்கும். கீழே சேறோ உருண்டைக் கல்லோ கிடந்தால் அவ்வளவுதான்.

ஒரு பழக்கத்தை இன்றே வீட்டில் சொல்லிக் கொடுங்கள். டிராக்டரிலிருந்து எப்படி இறங்குவோமோ, அப்படியே உயரமான வண்டியிலிருந்தும் இறங்க வேண்டும். வண்டியைப் பார்த்தபடி, கைப்பிடியை விடாமல், பின்பக்கமாக இறங்க வேண்டும். இரண்டு கை, இரண்டு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் வண்டியையோ தரையையோ தொட்டிருக்க வேண்டும். கையில் தூக்குவாளியோ பையோ இருந்தால் முதலில் அதை இருக்கையில் வைத்துவிட்டு இறங்குங்கள். படி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தப் பழக்கம்தான் முதல் பாதுகாப்பு.

இப்போது கணக்குப் பாருங்கள். ஒரு வாரத்தில் அந்த வண்டியில் வயதானவர்கள் எத்தனை முறை ஏறி இறங்குகிறார்கள்? தினமும் என்றால் படி அவசியம். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு, எப்போதாவது கோயிலுக்கு என்றால் வேறு வழிகளும் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

படி எதைப் பறித்துக்கொள்ளும்?

இந்த வண்டிகளை நாம் வாங்குவதே 'அடி தட்டாது' என்பதற்காகத்தான். உதாரணமாக, மஹிந்திரா தார் வண்டியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 226 மில்லிமீட்டர். அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடையே ஏறக்குறைய 9 அங்குலம். அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறோம். படியைத் தாழ்வாகத் தொங்கவிட்டால் அந்த இடைவெளியில் ஒரு பகுதியை நாமே அடைத்துவிடுகிறோம்.

இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். "படி தரையிலிருந்து 10 அங்குலத்தில் இருக்கு, வண்டியோட கிளியரன்ஸ் 9 அங்குலம்தானே, அப்புறம் எப்படித் தட்டும்?" என்று கேட்கிறார்கள். கம்பெனி தரும் எண் வண்டியிலேயே மிகத் தாழ்வான இடத்தின் உயரம். பல ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் அந்த இடம் பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை. சக்கரம் வரப்பில் ஏறும்போது அச்சும் சேர்ந்து ஏறிவிடும், அதனால் அந்த உருண்டை வரப்பில் தட்டாது. ஆனால் முன் சக்கரம் வரப்பைத் தாண்டி இறங்கி, பின் சக்கரம் இன்னும் ஏறாமல் இருக்கும் நேரம் ஒன்று உண்டு. அப்போது வரப்பு வண்டியின் நடு வயிற்றுக்கு நேர் கீழே இருக்கும். சைடு ஸ்டெப் தொங்குவதும் சரியாக அதே இடத்தில்தான். எனவே கம்பெனி எண்ணைவிட உயரமாக இருக்கும் படியும் வரப்பில் தட்டக்கூடும்.

வண்டியின் நீளமும் இதில் சேரும். தார் மூன்று கதவு வண்டியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் 2,450 மில்லிமீட்டர். இசுசு வி-கிராஸ் பிக்கப்பில் அதே தூரம் 3,095 மில்லிமீட்டர். ஒல்லியான வரப்பைத் தாண்ட இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அகலமான ஏரிக்கரையிலோ வாய்க்கால் கரையிலோ ஏறி மறுபக்கம் இறங்கும்போது தெரியும். சக்கரங்களுக்கு இடையே தூரம் கூடக் கூட, நடு வயிறு மேட்டின் உச்சியில் சீக்கிரம் உட்கார்ந்துவிடும். ஆகவே நீளமான பிக்கப் வைத்திருப்பவர்கள் படி விஷயத்தில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

வரப்பு மட்டுமல்ல, படி இடிபடும் இடங்கள் இன்னும் சில உண்டு.

1. டயர் பள்ளம்: மழைக்குப் பிறகு டிராக்டர் போய்ப் போய் ஆழமான தடம் விழுந்த மண் பாதையில், சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். பள்ளத்தின் வெளி ஓரம் படிக்கு நேராக வரும்.

2. சாய்ந்த பாதை: ஒரு பக்கச் சக்கரங்கள் ஓடையிலும் மறுபக்கச் சக்கரங்கள் மேட்டிலும் போகும்போது வண்டி சாயும். சாயும் பக்கத்துப் படியின் வெளி விளிம்புதான் தரைக்கு மிக அருகில் வரும்.

3. குறுகலான திருப்பம்: வண்டி திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் வராது, உள்வாங்கி வரும். முன் சக்கரம் தப்பித்த சிறுபாலத்துக் கைப்பிடிச் சுவரிலும், வேலிக் கல்லிலும், பனைமர வேரிலும் நடுவில் இருக்கும் படி போய் உரசும்.

4. சேறு: வண்டி வயலில் புதைந்து வயிறு படிந்துவிட்டால், படி சேற்றுக்குள் கலப்பை போலச் செருகிக்கொள்ளும். டிராக்டர் வைத்து இழுக்கும்போது கூடுதல் பலம் தேவைப்படும், படியின் தாங்கிகளும் முறுக்கிக்கொள்ளும்.

இடிபட்டால் படி மட்டும் வளைந்தால் பரவாயில்லை. தாங்கி மேல்நோக்கி மடங்கிக் கதவின் கீழ் விளிம்பை முட்டினால், கதவு திறப்பதே கஷ்டமாகிவிடும். அந்தத் தகரம் நசுங்கினால் எடுத்து நிமிர்த்திப் பெயின்ட் அடிக்க ஆகும் செலவு, படியின் விலையைத் தாண்டிவிடும்.

ஒரு டேப், ஓர் அட்டை போதும்

கடைக்குப் போவதற்கு முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் அளவு, தரையிலிருந்து கதவு வாசலின் உள்தளம் வரை. இது ஏற வேண்டிய மொத்த உயரம். இரண்டாவது அளவு, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், தரையிலிருந்து சேசிஸ் சட்டத்தின் அடிப்பகுதி வரை. மூன்றாவது அளவு, வீட்டில் ஏறச் சிரமப்படுபவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரமமில்லாமல் கால் வைக்கும் உயரம். செங்கலை அடுக்கி அதன் மேல் ஒரு பலகை போட்டு, சுவரோரமாக அவரை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ளுங்கள்.

படியின் அடிப்பாகம் இரண்டாவது அளவைவிடக் கீழே இறங்கக் கூடாது. அப்படி இருந்தால் நேரான வரப்பில் படியால் பெரிய நஷ்டம் வராது. சேசிஸ் தட்டும் இடத்தில்தான் படியும் தட்டும். படியின் மேல்பாகம் மூன்றாவது அளவுக்கு மேல் போகக் கூடாது. போனால் அம்மாவால் அதில் கால் வைக்க முடியாது, போட்டும் பயனில்லை.

இந்த இரண்டு எல்லைக்குள்ளும் ஒரு படி அமைந்தால் போடுங்கள். அமையவில்லை என்றால், அந்த வண்டிக்கு நிலையான படி சரிவராது. வயதானவருக்கு வசதியாகப் படியை இறக்க இறக்க வரப்பில் தட்டும். வரப்பில் தட்டாமல் ஏற்ற ஏற்ற வயதானவருக்கு உதவாது. இதை மூடி மறைக்கும் படி எந்தக் கடையிலும் இல்லை.

சந்தேகம் இருந்தால் அட்டைப் பரிசோதனை செய்யுங்கள். கெட்டியான அட்டைப் பெட்டியை நீளமாக வெட்டி, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில், படி வரப்போகும் உயரத்தில் தொங்கும்படி கதவுக்குக் கீழே ஒட்டும் டேப் போட்டு ஒட்டுங்கள். சக்கரத்திலோ சைலன்சர் குழாயிலோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தோட்டம், பம்புசெட், களம் என்று வழக்கமாகப் போகும் பாதைகளில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டுங்கள். மெயின் ரோட்டில் இப்படி ஓட்ட வேண்டாம். திரும்பி வந்து பார்த்தால் அட்டை எங்கே மடங்கியது, எங்கே கிழிந்தது என்று தெரிந்துவிடும். அட்டை கிழிந்த இடத்தில் நாளை இரும்பு வளையும்.

இந்தச் சுற்றைக் காலி வண்டியில் ஓட்டினால் உண்மை தெரியாது. யூரியா மூட்டை ஒன்று 45 கிலோ. பிக்கப்பில் 10 மூட்டை ஏற்றினால் 450 கிலோ. ஆட்களும் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி வண்டி இன்னும் தாழும். நீங்கள் வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள்.

எந்த வகைப் படி யாருக்கு?

குழாய்ப் படி: வட்டக் குழாயை வளைத்து, கால் வைக்கும் இடத்தில் மட்டும் ரப்பரோ பிளாஸ்டிக்கோ பதித்திருப்பார்கள். எடை குறைவு, சேறு தங்காது, கழுவுவது சுலபம். ஆனால் கால் வைக்கும் இடம் குறுகல். ஈரக் காலோடு வைத்தால் வழுக்கும். வயதானவர்களுக்கு இது அவ்வளவு ஏற்றதல்ல.

பலகைப் படி: அலுமினியத்தாலோ தகரத்தாலோ ஆன தட்டையான நீளப் பலகை. பாதத்தின் பாதிக்கு மேல் பதியும் அளவு அகலம் இருக்கும். வயதானவர், குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இதுதான் பொருத்தம். ஆனால் வண்டிக்கு வெளியே அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் குறுகலான பாதையில் உரசும். இறங்குபவரின் கெண்டைக்காலிலும் வேட்டியிலும் சேலையிலும் படியின் சேறு ஒட்டும்.

ராக் ஸ்லைடர்: இது பார்க்கப் படி போல இருக்கும், வேலை வேறு. பாறையில் வண்டி உட்கார்ந்தாலும் கதவின் அடிப்பகுதி நசுங்காமல் காப்பதற்காகத் தடித்த இரும்பில் செய்து சேசிஸில் பிடிப்பது. வண்டியோடு ஒட்டி, உயரமாக இருக்கும். கல் நிறைந்த மலைப்பாதையில் போகிறவர்களுக்கு உதவும். எடை அதிகம், விலையும் அதிகம். உயரமாக இருப்பதால் வயதானவருக்குப் படியாக அதிகம் பயன்படாது. 'ராக் ஸ்லைடர்' என்று சொல்லி மெல்லிய குழாயை விற்பதும் உண்டு. வண்டியின் எடையைத் தாங்குமா என்று நேராகக் கேளுங்கள்.

மின்சார மடக்குப் படி: கதவைத் திறந்தால் இறங்கும், மூடினால் உள்ளே போய்விடும். கேட்க நன்றாக இருக்கும். வயல் சேறும் சரளைக் கல்லும் அதன் கீலில் அடைத்தால் பாதியில் நின்றுவிடும். நகரத்து ரோட்டில் ஓடும் வண்டிக்குச் சரி, தோட்ட வண்டிக்கு வேண்டாம்.

பொருத்தும்போது ஏமாறாதீர்கள்

படி நன்றாக இருந்தும் பொருத்திய விதத்தில் கெட்டுப்போவதுதான் அதிகம். கீழே உள்ளவற்றைப் பட்டறையில் நின்று நீங்களே பாருங்கள்.

- படியின் தாங்கிகள் சேசிஸ் சட்டத்தில் ஏற்கெனவே உள்ள ஓட்டைகளில் நட்டு போல்ட்டால் இறுக வேண்டும். கதவுக்குக் கீழே உள்ள மெல்லிய தகரத்தில் மட்டும் பிடித்தால், நாலு பேர் ஏறியதும் தகரம் இழுத்துக்கொள்ளும்.

- சேசிஸில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். வெல்டிங் சூட்டில் அந்த இடத்து இரும்பின் பலம் மாறும், பிறகு அங்கேதான் விரிசல் விடும். கம்பெனி வாரண்டியும் கேள்விக்குள்ளாகும்.

- புதிதாக டிரில் போடவும் விடாதீர்கள். சேசிஸை ஒட்டித்தான் பிரேக் பைப், டீசல் பைப், ஒயர்கள் எல்லாம் போகின்றன. புதிய ஓட்டையில் துருவும் ஆரம்பிக்கும்.

- சேசிஸ் தனியாக இல்லாமல் பாடியும் அடிச்சட்டமும் ஒன்றாகவே வரும் கார் வகை வண்டிகள் உண்டு. அவற்றில் கதவுக்குக் கீழே உள்ள பகுதிதான் பக்கவாட்டு மோதலைத் தாங்கும் முக்கிய பாகம். அந்த வண்டிக்கென்று கம்பெனி தரும் படியைத் தவிர வேறு எதையும் அங்கே பொருத்த வேண்டாம்.

- ஒரு பக்கத்துக்கு இரண்டு தாங்கி மட்டும் உள்ள நீளப் படி நடுவில் ஆடும். மூன்று தாங்கி இருப்பது நல்லது.

- எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். 80 கிலோ எடையுள்ளவர் 45 கிலோ மூட்டையோடு ஏறினால் 125 கிலோ. ஏறும் வேகத்தில் படியில் விழும் பாரம் அதைவிட அதிகம். பொருத்தி முடித்ததும் படியின் நடுவில் ஏறி நின்று உடம்பை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். படி தாழ்ந்து எழுந்தால் திருப்பிக் கொடுங்கள்.

- ஜாக்கி வைக்கும் இடம் மறைகிறதா என்று பாருங்கள். பட்டறையிலேயே ஒருமுறை ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கிப் பார்ப்பது நல்லது. இரவில் தோட்டப் பாதையில் பஞ்சரான பிறகு கண்டுபிடிப்பதில் பயனில்லை. குழாய்ப் படிக்கும் பலகைப் படிக்கும் அடியில் ஜாக்கி கொடுக்கவே கூடாது.

- கால் படும் பரப்பு முழுவதும் சொரசொரப்பாக இருக்க வேண்டும். பளபளக்கும் ஸ்டீலில் ஈரச் செருப்பு நிற்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியில் மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. 2019-ல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி உண்டு. அதனால் அந்த மாடலுக்கென்று கம்பெனியே தரும் படியை, ஷோரூம் பில்லோடு வாங்கிப் பொருத்துவதே பாதுகாப்பான வழி. வெளியில் செய்வதாக இருந்தால், படி வண்டியின் அகலத்தைத் தாண்டி நீட்டக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சைடு ஸ்டெப் போடப் போன இடத்தில் "முன்னாடி பம்பர் கார்டும் சேர்த்துப் போட்டா விலை குறைச்சுத் தரேன்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். முன்பக்கம் இரும்புக் கம்பி பொருத்துவது சட்டத்துக்குப் புறம்பானது என்று சொல்லி, நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. மோதினால் எதிரே வருபவருக்கும் ஆபத்து, உள்ளே இருப்பவருக்கும் ஆபத்து.

இன்னொன்று அறுவடைக் காலத்தில் நாம் எல்லோரும் கண்ணால் பார்ப்பது. வண்டிக்குள் இடமில்லை என்று ஆட்கள் படியில் நின்றபடி தொங்கிக்கொண்டு வருவார்கள். அதே சட்டத்தின் 123-வது பிரிவு இதைத் தடை செய்கிறது. படியில் ஆளை நிற்க வைத்து ஓட்டுவது ஓட்டுபவரின் குற்றம். ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கினால் பிடி விடும். விழுந்தவருக்குப் பக்கத்திலேயே பின் சக்கரம் இருக்கிறது. படி போட்டால், 'இது ஏறி இறங்க மட்டும்' என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது, பிறகு பொருத்திய படியைப் பற்றிச் சொல்லி பாலிசியில் சேர்க்க வேண்டுமா என்று கேளுங்கள். சேர்க்காத பொருளுக்கு இழப்பீடு கேட்டால் சிக்கல் வரலாம்.

படி வண்டியில்தான் இருக்க வேண்டுமா?

வீட்டில் வயதானவர் எங்கெங்கே வண்டி ஏறி இறங்குகிறார் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டு வாசல், தோட்டத்துக் களம், மகள் வீடு. பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்கள்தான் இருக்கும். அப்படியானால் படியை வண்டியில் தொங்கவிடாமல் அந்த இடத்திலேயே கட்டிவிடலாம்.

வாசலில் வண்டி நிற்கும் இடத்தை ஒட்டி, 8 முதல் 10 அங்குல உயரத்தில், ஒரு ஆள் திரும்பி நிற்கும் அளவுக்குச் செங்கல் வைத்துச் சிமென்ட் பூசிய மேடை ஒன்று கட்டுங்கள். ஓரமாகப் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் குழாயை நட்டுவிடுங்கள். மீதிச் சிமென்ட்டில் அரை நாளில் முடிகிற வேலை. அது எந்த வரப்பிலும் தட்டாது. வண்டி மாறினாலும் மேடை இருக்கும்.

வெளியிடங்களுக்கு, வண்டியின் பின்னால் ஒரு மரப்படி வைத்துக்கொள்ளலாம். கால்கள் அகன்று, மேல்பலகை தடித்து, அடியில் பழைய டயர் ரப்பர் அடித்த படியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம், ஓரத்தில் மிதித்தால் சாயும். கதவுத் தூணில் பிடி இல்லாத வண்டியாக இருந்தால், கம்பெனி தரும் கைப்பிடி கிடைக்குமா என்று கேளுங்கள். பல நேரம் குறைவது படி அல்ல, பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி.

தோட்டத்தில் என்றால் வண்டியை மேட்டை ஒட்டி நிறுத்தினாலே போதும். கதவுக்கு நேராகக் களத்து மேடு வந்தால், 2 அடி ஏற்றம் 1 அடியாகிவிடும்.

போட்ட பிறகு பராமரிப்பு

போட்ட ஒரு மாதத்தில் எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். மண் பாதைக் குலுக்கலில் அவை தளரும். அதன்பின் ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள். யூரியா, பொட்டாஷ், எரு ஏற்றிய அன்று படியின் மேலும் கீழும் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். உர உப்பு ஈரத்தோடு தங்கினால் இரும்பை அரிக்கும். கடற்கரை மாவட்டங்களில் உப்புக் காற்றும் சேர்ந்து துருவை வேகப்படுத்தும். கரிசல் மண் தாங்கிகளுக்குள் காய்ந்து இறுகினால் ஈரத்தைப் பிடித்து வைக்கும், குச்சியால் குத்தி எடுத்துவிடுங்கள். பெயின்ட் உரிந்த இடத்தில் அன்றே பெயின்ட் தொட்டு வையுங்கள். ரப்பர் தேய்ந்து வழுவழுப்பானால் உடனே மாற்றுங்கள். வழுக்கும் படியை நம்பிக் கால் வைப்பது, படியே இல்லாததைவிட ஆபத்து.

முடிவு எடுப்பது எப்படி?

வயதானவரோ மூட்டு வலி உள்ளவரோ வாரத்தில் பல நாள் ஏறுகிறார், வண்டி பெரும்பாலும் தார்ரோட்டிலும் நல்ல மண் ரோட்டிலும் போகிறது என்றால், அகலமான பலகைப் படியைத் தயங்காமல் போடுங்கள்.

வண்டி தினமும் வரப்பு, ஓடை, டயர் பள்ளம் தாண்டி வயலுக்குள் போகிறது, ஏறுபவர்கள் எல்லோரும் உடல் வலு உள்ளவர்கள் என்றால், படி வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல டயர் போடுங்கள்.

கல் நிறைந்த மலைத்தோட்டப் பாதை என்றால், படியாக நினைக்காமல் கதவின் அடிப்பகுதிக்குக் காப்பாக நல்ல ராக் ஸ்லைடரை யோசிக்கலாம். அதற்கும் மேலே சொன்ன சட்ட விஷயத்தை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயதானவரும் ஏற வேண்டும், வண்டியும் வயலுக்குள் போக வேண்டும் என்பதுதான் நம்மில் பலரின் நிலை. அவர்கள் முதலில் அந்த மூன்று அளவுகளை எடுங்கள். இரண்டு எல்லைக்குள்ளும் படி அமைந்தால், சேசிஸை ஒட்டிய, அதிகம் வெளியே நீட்டாத பலகைப் படியைப் போடுங்கள். அமையாவிட்டால் வாசலில் மேடை கட்டுங்கள், வண்டியில் மரப்படி வையுங்கள். படிக்காகப் புறப்பட்டு வண்டியின் குணத்தையே கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

டேப் எடுத்து அளக்கும்போது அம்மாவையும் அப்பாவையும் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த உயரத்துக்குக் கால் எட்டும், எங்கே வலிக்கும் என்பதைக் கடைக்காரரால் சொல்ல முடியாது, அவர்கள்தான் சொல்ல முடியும்.